பச்சைத் தண்ணீரும் வெறும் முட்டைப்பையும்

“குளம் பச்சை பிடிச்சிட்டுது, இனி மீன் பெருக்கும்.” முல்லைத்தீவு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. என் சித்தப்பா இன்றைக்கும் சொல்லுவார். சோளகக் காற்று ஓய்ந்த விடியற்காலையில் வள்ளத்தை இறக்கும்போது கையால் தண்ணீரை ஒருமுறை அள்ளிப் பார்ப்பார். பச்சை ஏறியிருந்தால் முகத்தில் ஒரு தெளிவு வரும். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது: வெயில், அல்கா (தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி), விலங்குப் பிளாந்தன் (அதைத் தின்னும், தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்கள்), மீன் என்று அம்புக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முதல் பெட்டி பெருத்தால் அடுத்த பெட்டியும் பெருக்க வேண்டும் என்றுதான் அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். அந்தப் படத்தைக் கரும்பலகையில் கீறும் ஒவ்வொரு முறையும் இப்போது இரண்டாவது அம்புக்குறியில் கை நின்றுவிடுகிறது. அல்காவிலிருந்து விலங்குப் பிளாந்தனுக்குப் போகும் அந்தச் சின்னக் கோட்டுக்குள் இவ்வளவு கிடக்கிறதா என்ற யோசனை என்னை விடுவதாயில்லை.

தொடக்கம் சித்தப்பாவின் ஆதங்கம்தான். குளத்தில் கட்லா, றோகுக் குஞ்சுகள் விட்டார்கள். திலாப்பியா வழமைபோல் வலையில் விழுந்தது. கட்லா மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. குஞ்சு சரியில்லை என்றார் ஒருவர். நீர்க்காகம் தின்றது என்றார் இன்னொருவர். சின்னக் கண் வலை போடுகிறவர்களில் பழியைப் போட்டார்கள் வேறு சிலர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விட்ட குஞ்சு எதைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும், அது குளத்தில் இருந்ததா என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. “சாப்பாட்டுக்கு என்ன குறை பிள்ளை, குளமே பச்சையாக் கிடக்கு” என்றார் சித்தப்பா. அந்தப் பதில்தான் என்னை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியது.

வயிறு நிறைய, பை வெறுமை

கண் நெருக்கமான நைலோன் துணியைக் கூம்பாகத் தைத்து, நுனியில் ஒரு யோகட் கோப்பையைக் கட்டினோம். அதுதான் எங்கள் வலை. விடிய வெள்ளனவே இழுத்தால்தான் நல்லது. வெயில் ஏறினால் இந்தச் சிற்றுயிர்கள் பல ஆழத்துக்கு இறங்கிவிடும். கோப்பையில் வந்த தண்ணீரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தூசி துள்ளுவது தெரிந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை ரொட்டிபர்கள் என்ற மிகச் சிறிய விலங்குகள். நடுவில் செரியோடப்னியா என்ற நீர்த்தெள்ளுகள் சில, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த உடம்பு. வெப்பவலய நீர்நிலைகளில் விலங்குப் பிளாந்தன்கள் பெரும்பாலும் இப்படிச் சிறியவையாகவே இருக்கும். இலங்கையில் பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சி. எச். பெர்னாண்டோ இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்.

நீர்த்தெள்ளு கண்ணாடி மாதிரி ஒரு பிராணி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஒற்றைக் கரிய கண், அதற்குப் பின்னால் விடாமல் துடிக்கும் இதயம், உடம்பை வளைந்து கடக்கும் குடல். முதுகுப்புறத்தில், ஓட்டுக்கும் உடம்புக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அதுதான் முட்டைப்பை. ஆண் துணை தேவையில்லாமலே பெண் முட்டைகளை உருவாக்கி இந்தப் பைக்குள் தள்ளும். அங்கேயே அவை குஞ்சாகி, தாய் அடுத்த முறை தோல் கழற்றும் நேரத்தில் வெளியே நீந்திப் போகும். உடனே அடுத்த தொகுதி முட்டை பைக்குள் இறங்கும். சூடான தண்ணீரில், நல்ல சாப்பாடு கிடைத்தால், இந்தச் சுற்று ஓரிரு நாளுக்கு ஒருமுறை நடக்கும்.

நாங்கள் பார்த்தவற்றின் குடல் முழுக்கப் பச்சை. பட்டினி கிடக்கிற பிராணியின் குடல் அப்படி இருக்காது. ஆனால் பைகள் வெறுமையாயிருந்தன. ஒன்று, பிறகு இன்னொன்று, எல்லாமே அப்படித்தான். இடைக்கிடை ஒன்றில் ஒரே ஒரு முட்டை. நன்றாகச் சாப்பிடும் நீர்த்தெள்ளின் சூலகத்தை ஒட்டி எண்ணெய்த் துளிகள் மஞ்சளாய் மின்னும். இவற்றில் அவையும் இல்லை. வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “ரீச்சர், வயிறு நிறையக் கிடக்கு, முட்டையைத்தான் காணேல்லை.” கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பவும் கூப்பிட்டாள். “ரீச்சர், உள்ளுக்குப் போனது அப்பிடியே வெளியில வருது!”

நான் போய்ப் பார்த்தேன். குடலின் கடைசியிலிருந்து ஒரு சின்னப் பச்சை உருண்டை பிதுங்கி வந்தது. வழுவழுப்பான உறை ஒன்றுக்குள் நாலைந்து கலங்கள் பொதிந்த அல்காக் கூட்டம். உறையும் குலையவில்லை, உள்ளிருந்த கலங்களும் உடையவில்லை. வாயால் போய், குடல் நெடுகப் பயணம் செய்து, உயிரோடு வெளியே வந்து விழுந்தது. அதன் பக்கத்திலேயே, இன்னும் விழுங்கப்படாத அதே மாதிரி உருண்டைகள் மிதந்தன. எது போய் வந்தது, எது போகாதது என்று பிரித்தறிய முடியவில்லை.

இதைக் கண்டது நாங்கள் முதலில்லை. கரென் போட்டர் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1976இலேயே காட்டியிருக்கிறார்: பசை உறை கொண்ட சில பச்சை அல்காக்கள் டப்னியா என்ற நீர்த்தெள்ளின் குடலைச் சேதமில்லாமல் கடப்பதோடு, கடக்கும் வழியில் அங்கிருக்கும் ஊட்டச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டு முன்னைவிட நன்றாக வளர்கின்றன. அதாவது தின்னப்பட்டதால் அல்காவுக்கு இலாபம். தின்றதற்கு மிஞ்சியது அலைச்சல் மட்டும். இதைப் படித்திருந்தும், ஒரு மாணவியின் குரலோடு சேர்த்துக் கண்ணால் கண்டபோதுதான் அது எனக்குள் இறங்கியது. குளத்தின் பச்சை நிறத்தைச் சாப்பாட்டின் அளவாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்ற எண்ணம் அந்த வாங்கிலிருந்து எழும்பும்போது என்னிடம் உறுதிப்பட்டிருந்தது.

அதே நீர்த்தெள்ளுகளில் கொஞ்சத்தை, எருமைகள் படுத்தெழும்பும் ஒரு மடுவின் மண்ணிறத் தண்ணீர் நிரப்பிய போத்தலுக்கு மாற்றினோம். அந்தத் தண்ணீரில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. சில நாளில் பைகளில் முட்டை விழத் தொடங்கியது. பள்ளிக்கூட மேசையில் நடந்த இதை நான் ஆராய்ச்சி என்று சொல்ல வரவில்லை. சேற்றுத் தண்ணீரில் பற்றீரியாக்கள், சவுக்குப் போன்ற இழையால் நீந்தும் சவுக்குமுளை உயிரிகள் என்று வேறு சாப்பாடும் உண்டு. ஆனால் பச்சை குறைந்த தண்ணீரில் பிள்ளை பிறந்தது, பச்சை கூடிய தண்ணீரில் பிறக்கவில்லை. அதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

வெயில் தருவதும் மண் தருவதும்

ஏன் இப்படி? முதல் காரணம் பொசுபரசு. அல்கா வெயிலிலிருந்து காபனைச் சேர்க்கிறது, தண்ணீரிலிருந்து பொசுபரசை எடுக்கிறது. வெயில் அள்ளிக் கொடுத்து, தண்ணீரில் பொசுபரசு தட்டுப்பட்டால், அல்கா வளர்வதை நிறுத்திக்கொள்ளாது. காபனை மாப்பொருளாகவும் கொழுப்பாகவும் சேர்த்துக்கொண்டே போகும். பார்வைக்குப் பச்சைதான், உள்ளே சரக்கு வேறு. டப்னியாவின் உடம்பில் ஒரு பொசுபரசு அணுவுக்கு ஏறத்தாழ 80 காபன் அணுக்கள் இருக்கும். பொசுபரசு இல்லாமல் வாடும் அல்காவில் அந்த விகிதம் 1,000ஐயும் தாண்டலாம். ஏறத்தாழ 300ஐக் கடந்தாலே டப்னியாவின் வளர்ச்சி பின்வாங்கத் தொடங்குகிறது. புது உடம்பு கட்டக் கலத்துக்குள் புரதம் ஆக்கும் றைபோசோம் வேண்டும், றைபோசோமுக்கு ஆர்.என்.ஏ. வேண்டும், ஆர்.என்.ஏ.க்குப் பொசுபரசு வேண்டும். வேகமாகப் பெருகுகிற பிராணிக்குத்தான் இந்தப் பசி கூட. மெதுவாக வளரும் கொபிபொட்டுகள் என்ற வேறு வகை விலங்குப் பிளாந்தன்கள் குறைந்த பொசுபரசோடும் ஒருவாறு சமாளிக்கும்.

1996இல் ஜப்பானியரான ஜொத்தாறோ உறாபேயும் அமெரிக்கரான றொபேட் ஸ்ரேணரும் இதை அழகாகக் காட்டினார்கள். பொசுபரசைக் குறைவாக வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டினார்கள். அல்கா கூடிக்கொண்டே போனது. டப்னியாவின் வளர்ச்சி ஓர் அளவு வரை கூடி, பிறகு குறையத் தொடங்கியது. சாப்பாடு மலையாகக் குவியக் குவியத் தின்கிறவர் மெலிந்தார். வன்னியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு உடனே ஆடி, ஆவணி மாத வெயில்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் குளங்களுக்கு வெளிச்சத்தில் ஒரு நாளும் பஞ்சமில்லை. ஆகவே மண்ணும் மாடும் பசளையும் என்ன கொடுக்கின்றன என்பதில்தான் அல்காவின் தரம் தொங்கி நிற்கிறது. தண்ணீர் வற்றிய அலைகரையில் மாடு மேய்வதைக் குளத்துக்குக் கேடு என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாரி மழையில் பேராறு கொண்டுவரும் வண்டலும், அந்தச் சாணம் ஊறிய கரையும் தண்ணீருக்குள் போகும் காலம் குளத்தின் சாப்பாட்டுச் சரக்கு மாறும் காலம்.

இன்னொன்றும் உண்டு. பொசுபரசு கிடைக்காத சில பச்சை அல்காக்கள் கலச்சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. தடித்த சுவர் குடலில் லேசில் செரிக்காது. ஆக, சத்துக் குறைந்த கலம், செரிக்கவும் மறுக்கிற கலம். எங்கள் தகட்டில் உருண்டைகள் முழுசாக வெளியே வந்ததற்குப் பசை உறை ஒரு காரணம். இதுவும் சேர்ந்திருக்கலாம்.

வன்னிக்காரருக்கு இதை விளங்கப்படுத்த நான் நெடுந்தூரம் போகத் தேவையில்லை. முகாமில் நிவாரண மாவிலும் பருப்பிலும் நாள் தள்ளிய தாய்மார் இதை வாசிக்கக்கூடும். வயிறு நிரம்பியது, பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை என்று அவர்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அளவு என்பது ஒன்று, சத்து என்பது இன்னொன்று என்று அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இல்லாத இரண்டு பொருள்

பொசுபரசு போதுமானதாக இருந்தாலும் கதை முடிந்துவிடாது. குளம் கடும் பச்சையாகி, கரையோரம் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் படை படிந்தால் அது பெரும்பாலும் சயனோபற்றீரியா, அதாவது நீலப்பச்சை அல்கா என்று சொல்லப்படும் பற்றீரியா. மைக்குரோசிஸ்ரிஸ் போன்றவை கூட்டமாகச் சேர்ந்து, சிறிய நீர்த்தெள்ளின் வாய்க்கு அடங்காத பருமனுக்கு வரும். இழையாக வளர்பவை வடிகட்டும் கால்களில் சிக்கும். சில நச்சும் சுரக்கும். இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது, சயனோபற்றீரியாவில் இல்லாத பொருட்கள்.

முதலாவது ஸ்ரெரோல், கொலஸ்ரரோல் போன்ற ஒரு கொழுப்புப் பொருள். நண்டு, இறால், பூச்சி, நீர்த்தெள்ளு என்ற கணுக்காலிக் கூட்டத்தால் ஸ்ரெரோலைத் தானாக ஆக்க முடியாது, சாப்பாட்டிலிருந்தே எடுக்க வேண்டும். கல மென்சவ்வுக்கு அது வேண்டும். தோல் கழற்ற வைக்கும் ஓமோனும் அதிலிருந்துதான் உருவாகிறது. தோல் கழற்றும் நேரத்தில்தானே முட்டை பைக்குள் இறங்குகிறது! ஆகவே ஸ்ரெரோல் இல்லையென்றால் வளர்ச்சியும் பிறப்பும் ஒரே இடத்தில் முட்டுப்படுகின்றன. 2003இல் எரிக் வொன் எலேர்ட்டும் அவரது கூட்டாளிகளும், சயனோபற்றீரியாவோடு கொலஸ்ரரோலைச் சேர்த்துக் கொடுத்தபோது டப்னியாவின் வளர்ச்சி கூடியதைக் காட்டினார்கள். இரண்டாவது நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள், முக்கியமாக ஈ.பி.ஏ. என்பது. சிலிக்கா ஓடு கொண்ட அல்காக்களான தயற்றங்களிலும் கிரிப்ரோமோனாஸ் போன்ற சவுக்குமுளை அல்காக்களிலும் அது நிறைய உண்டு. சயனோபற்றீரியாவில் அநேகமாக இல்லை. டோர்த்தே முல்லர்-நவாராவும் மற்றவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அல்காவிலிருந்து டப்னியாவுக்கு எவ்வளவு காபன் போய்ச் சேரும் என்பதை ஈ.பி.ஏ.யின் அளவை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. கடல்மீன் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதாயிராது. வெறும் ஈஸ்ற் தின்று பெருகிய ரொட்டிபரை அப்படியே குஞ்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். நல்ல அல்காவையோ மீன் எண்ணெயையோ ஊட்டி, அதன் பிறகே கொடுப்பார்கள்.

தயற்றம் என்றால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. 1999இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கடலில் கண்டது இதற்கு நேர்மாறு. சில கடல் தயற்றங்களைத் தின்ற கொபிபொட்டுகள் முட்டையிட்டன, ஆனால் அந்த முட்டைகளில் பெரும்பங்கு பொரிக்கவில்லை. தயற்றக் கலம் உடையும்போது உருவாகும் அல்டிகைட்டுகள் என்ற இரசாயனப் பொருட்கள் கருவைக் கெடுத்தன. முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது பொரிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதனால்தான்.

பிந்திப் போகும் நாட்கள்

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. “முட்டை கொஞ்சம் குறைஞ்சால் என்ன பிள்ளை? கொஞ்சம் பிந்திப் பெருகும், அவ்வளவுதானே?” அந்தப் பிந்தலில்தான் விஷயம் இருக்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு நீர்த்தெள்ளு பிறந்து 5 நாளில் 10 பெண் குஞ்சு போடுகிறது, அவை ஒவ்வொன்றும் அடுத்த 5 நாளில் 10 போடுகின்றன. சாவையும் அடுத்தடுத்த ஈற்றையும் விட்டுவிடுவோம். 20 நாளில் கடைசித் தலைமுறை 10,000. சாப்பாட்டின் தரம் கெட்டு, அதே 10 குஞ்சைப் போட 10 நாள் பிடித்தால்? அதே 20 நாளில் 100. ஒருதடவைக்குப் போடும் குஞ்சின் எண்ணிக்கை குறையவே இல்லை, நாள் மட்டும் இரட்டித்தது. பொசுபரசும் ஸ்ரெரோலும் குறையும்போது முட்டை குறைவதோடு, முதல் ஈற்றும் பிந்துகிறது. மீன் குஞ்சு விட்ட முதல் வாரங்களில் அதற்கு வாய்க்கு அளவான இரை நிறைய வேண்டும். நூறைப் பத்தாயிரத்துக்கு ஈடாக்க முடியாது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப திலாப்பியா மட்டும் எப்பிடிப் பெருகுது?” என்றார். அவர் பிடியைச் சரியாகத்தான் பிடித்தார். வளர்ந்த திலாப்பியாவுக்கு இடையில் ஆள் தேவையில்லை. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, சயனோபற்றீரியாவின் கலச்சுவரையே உடைத்துவிடும். உகண்டாவின் ஜோர்ஜ் ஏரியில் 1970களில் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. ஆகவே திலாப்பியாவைப் பொறுத்தவரை, பச்சை பிடித்தால் மீன் பெருக்கும் என்ற சொல் பெரும்பாலும் சரிதான். 1952இல் இலங்கைக்கு வந்த அந்த மீன் எங்கள் குளங்களில் ஊன்றி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கட்லா வளர்ந்த பிறகும் விலங்குப் பிளாந்தனையே பெரிதும் நம்பியிருக்கிறது. எந்த மீனின் சின்னக் குஞ்சும் அப்படித்தான். ஒரே குளம், ஒரே பச்சை. ஒரு மீனுக்குக் கல்யாணச் சாப்பாடு, இன்னொன்றுக்கு வெறும் இலை.

வாசிங்ரன் ஏரியின் கதையையும் அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கழிவுநீர் விழுந்து அந்த ஏரி சயனோபற்றீரியா இழைகளால் நிறைந்திருந்தது. 1963 தொடங்கி 1968 வரை கழிவுநீரை வேறு வழிக்குத் திருப்பினார்கள். ஏரியின் பச்சை குறைந்தது. வடிகட்டும் கால்களில் சிக்கிய இழைகள் அடங்கிய பிறகு, 1976இல் டப்னியா அங்கே பெருகி ஏரியை நிறைத்தது. சாப்பாடு என்று பார்த்தால் ஏரியில் அல்கா முன்னைவிடக் குறைவு. தின்னக்கூடியது கூடியிருந்தது. அதை ஆண்டுக்கணக்காக அளந்த டபிள்யூ. ரி. எட்மண்ட்சன் விட்டுப்போன ஒரு முறை எங்களுக்கு மிக உதவும். ஒரு தாய்க்குச் சராசரியாக எத்தனை முட்டை என்று எண்ண வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து முட்டை பொரிக்க எத்தனை நாள் எடுக்கும் என்று கணிக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே அந்தக் கூட்டத்தில் பிறப்பு எந்த வேகத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு வெப்பமானி, பொறுமையுள்ள இரண்டு பிள்ளைகள் போதும்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. குளத்தில் எத்தனை இலட்சம் குஞ்சு விட்டோம் என்பதை மேடையில் சொல்கிறார்கள். விடுகிற கிழமையில் அந்தத் தண்ணீரில் நீர்த்தெள்ளின் பையில் முட்டை இருந்ததா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். மாட்டெரு கரைத்து மண் குட்டையில் குஞ்சு வளர்க்கிறவர்களும் தண்ணீர் பச்சையானவுடன் குஞ்சை இறக்காமல், ஒரு போத்தல் தண்ணீரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். பை வெறுமையாயிருந்தால் சில நாள் பொறுக்கலாம். அல்லது தண்ணீரில் ஒரு பங்கை மாற்றலாம். படை படிந்த பச்சைக்கு மேல் இன்னும் சாணத்தைக் கொட்டுவதால் எந்தப் பலனும் இல்லை. சயனோபற்றீரியாவுக்குத்தான் அது விருந்து.

இந்த மாரியில் குளம் வான் பாய்ந்து அடங்கிய பிறகு குஞ்சு வருமாம். அதற்கு முன் தண்ணீர் எடுத்துத் தருவதாகச் சங்கத்தில் சித்தப்பாவே சொல்லியிருக்கிறார். துருசடியில் ஒரு போத்தல், அலைகரைப் பக்கம் ஒரு போத்தல், நடுக்குளத்தில் ஒரு போத்தல், எல்லாம் விடிய முன்னர். வவுனிக்குளத்திலும் கட்டுக்கரைக்குளத்திலும் இரணைமடுவிலும் என்னைப்போல் உயிரியல் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அலுமாரிக்குள் நுணுக்குக்காட்டி உறை போட்டபடி கிடக்கும். எடுத்துத் துடையுங்கோ. நீர்த்தெள்ளின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கோ. எத்தனை தாய், எத்தனை முட்டை, தண்ணீரின் நிறம், வெப்பநிலை, நாள். இந்த ஐந்தையும் எழுதி வைத்தால் அடுத்த சிறுபோகம் முடியும்போது நான்கு குளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.